இக்கரைப் பழமொழியும் அக்கரைப் பழமொழியும்

பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு அந்தப் பக்கம் மறந்திருக்காது. இடது புறம் ஆங்கிலப் பழமொழி. வலது புறம் அதற்கு ஈடான தமிழ்ப் பழமொழி. கோடு போட்டு இணைத்தால் மதிப்பெண். அப்படி இணைத்து இணைத்தே இரண்டும் ஒன்றுதான் என்று நம்பி வளர்ந்தோம். கருத்து ஒன்றுதான், ஆனால் அதைச் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அந்தப் பொருளில்தான் ஒரு ஊரின் மண்ணும் மழையும் தொழிலும் அடங்கியிருக்கின்றன.

இதைக் காண்பதற்குப் பிச்சாட்டூர் போன்ற எல்லையூர் நல்ல இடம். சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துவிட்ட ஊர். ஆரணியாற்றின் அணை இங்கேதான் இருக்கிறது. இங்கிருந்து போகும் நீர் சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பழவேற்காட்டுப் பக்கம் கடலைச் சேர்கிறது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லை மாற்றப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. கோடு மாறியது, பேச்சு மாறவில்லை. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, பிள்ளைகளின் பள்ளியில் ஆங்கிலம் என்று வாழும் குடும்பங்கள் இப்பக்கத்தில் ஏராளம். ஆகவே இங்கே அந்தப் பாடப் பக்கத்துக்கு இரண்டு பத்தி போதாது, மூன்று வேண்டும்.

மூன்று பத்தி

காலம் கடந்து விழித்துக்கொள்பவனைப் பற்றி ஆங்கிலேயர் சொல்வது: குதிரை ஓடிப்போன பிறகு லாயத்தைப் பூட்டினான். தெலுங்கர் சொல்வது: 'சேதுலு காலாக ஆகுலு பட்டுக்குன்னட்டு', அதாவது கை சுட்ட பிறகு இலையைத் தேடினாற்போல. அடுப்பிலிருந்து பானையை இறக்க இலையை மடித்துப் பிடித்த சமையலறை அதில் தெரிகிறது. நாம் சொல்வது: கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஒருவனுக்குச் சொத்து போயிற்று, ஒருத்திக்குக் கை வெந்தது, ஒருவனுக்குக் கண்ணே போயிற்று. பாடம் ஒன்று, இழப்பு வேறு வேறு.

இன்னொன்று. 'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்கிறோம். ஆற்றங்கரையில் வாழ்பவன் வாக்கு அது. தெலுங்கில் 'தூரபு கொண்டலு நுனுபு'. தூரத்து மலை வழவழப்பாகத் தெரியும், ஏறினால்தான் கல்லும் முள்ளும். நகரி மலைகளையும் நாகலாபுரத்து மலைகளையும் தூரத்தில் பார்த்தே வளர்பவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆங்கிலத்தில் வேலிக்கு அப்பால்தான் புல் பச்சை. மேய்ச்சல் நிலத்தை வேலி போட்டுப் பிரித்துக்கொண்டவர்களின் வாக்கு அது. இந்த வடிவில் அது பரவியது 20-ஆம் நூற்றாண்டில்தான். ஊரை விட்டு வந்து சங்கம் கண்டிருக்கும் நமக்கு மூன்றுமே பொருந்தும் அல்லவா?

வெயிலும் காற்றும்

'வெயில் அடிக்கும்போதே வைக்கோலைக் காயவை' என்ற ஆங்கிலப் பழமொழிக்கு 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பதை ஈடாகச் சொல்வார்கள். நம் பக்கத்துப் பிள்ளைக்கு இதில் ஒரு சந்தேகம் எழ வேண்டும். வெயிலுக்கா பஞ்சம்?

பஞ்சம் இங்கிலாந்தில். அங்கே புல்லை அறுத்து, புரட்டிப் புரட்டிச் சில நாள் காயவைக்க வேண்டும். நடுவில் மழை பெய்தால் அழுகிப்போகும். குளிர்காலம் முழுவதும் மாட்டுக்குத் தீவனம் இராது. கோடையிலும் நம்ப முடியாத வானம் அது. ஆகவே அந்த நாட்டில் அரிய பொருள் வெயில். நம் களத்துமேட்டில் வெயில் தேவைக்கு மேல் உண்டு. நெல்லும் பதரும் பிரியக் காற்று வேண்டும்; அது நம் விருப்பப்படி வராது. முறத்தோடு காத்திருந்தவர்கள் சொன்ன சொல் நம்முடையது. பழமொழி எதை அரிது என்கிறதோ, அதிலிருந்தே அந்த நாட்டின் பஞ்சாங்கத்தை எழுதிவிடலாம்.

தொகுத்தவர்கள்

வைக்கோல் பழமொழியை ஜான் ஹேவுட் என்பவர் 1546-இல் வெளியிட்ட நூலில் காணலாம். பழமொழிகளைக் கோத்தே எழுதிய நூல் அது. நம்மிடம் முன்றுறை அரையனார் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே நானூறு வெண்பாக்களில், பாட்டுக்கு ஒரு பழமொழியாக வைத்து நூல் செய்தார். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் 1842-இல் யாழ்ப்பாணத்தில் ஒரு தொகுப்பு வெளியிட்டார். 1874-இல் வந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு தந்தார். தெலுங்குக்கு இதே பணியைக் கேப்டன் கார் 1868-இல் செய்தார். ஹெர்மன் ஜென்சன் 1897-இல் தமிழ்ப் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்தார். பின்னாளில் கி.வா.ஜகந்நாதன் திரட்டிய பெருந்தொகுப்பும் நமக்குக் கிடைத்தது.

தண்டவாளத்தில் பழமொழி

'எ ஸ்டிட்ச் இன் டைம் சேவ்ஸ் நைன்.' காலத்தில் போட்ட ஒரு தையல் ஒன்பது தையலை மிச்சப்படுத்தும். தாமஸ் ஃபுல்லர் என்ற மருத்துவர் 1732-இல் வெளியிட்ட தொகுப்பில் இது இருக்கிறது. ரயில்வேயில் இதை நடைமுறையாகச் செய்தவர் கீமேன். நாள்தோறும் தன் பகுதித் தண்டவாளத்தில் நடந்து, தளர்ந்த சாவியை அடித்து, தளர்ந்த போல்ட்டை முடுக்குவார். அந்த ஒரு போல்ட்டை விட்டால் இணைப்பில் தண்டவாள முனை அடிபடும், அடியில் கட்டை ஆடும், ஜல்லி இறங்கும், பிறகு ஒரு கேங் முழுவதும் வந்து நாள் முழுக்க வேலை செய்ய வேண்டும். ஒன்பது என்பது குறைந்த கணக்கு.

பழமொழிகள் ஒன்றுக்கொன்று முரணானவை என்று கேலி செய்பவர்கள் உண்டு. 'பல கை சேர்ந்தால் பளு குறையும்' என்பதும் ஆங்கிலம். 'சமையற்காரர் கூடினால் குழம்பு கெடும்' என்பதும் ஆங்கிலம். நம்மிடமும் 'ஊர் கூடித் தேர் இழு' உண்டு, 'பல பேர் கூடினால் பாம்பு சாகாது' உண்டு. எது சரி?

இரண்டும் சரி. 52 கிலோ தண்டவாளம் என்பது மீட்டருக்கு ஏறக்குறைய 52 கிலோ எடையுள்ளது. 13 மீட்டர்த் துண்டு ஒன்று 676 கிலோ. அதைத் தூக்கப் பல கை வேண்டும், குரலுக்குக் குரல் கொடுத்து ஒரே மூச்சில் தூக்க வேண்டும். ஆனால் 'தூக்கு', 'வை' என்று சொல்லும் குரல் மேஸ்திரி ஒருவருடையதாக இருக்க வேண்டும். இரண்டு பேர் கட்டளையிட்டால் யாருடைய காலாவது நசுங்கும். உழைப்பைப் பங்கிடலாம், முடிவைப் பங்கிடுவது கடினம். கல்யாண வீட்டிலும் சங்கத்து விழாவிலும் இதே கணக்குத்தான்.

சோறும் பணியாரமும்

'புட்டிங்கின் புரூஃப் தின்பதில்' என்பதில் 'புரூஃப்' என்ற சொல்லுக்கு நிரூபணம் என்று பொருள் கொள்கிறோம். பழைய பொருள் சோதனை. தின்று பார்ப்பதே சோதனை என்பதுதான் செய்தி. இதற்கு ஈடாக 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பதை எழுதுவோர் உண்டு. இரண்டும் வேறு. ஒரே பானையில் ஒரே தீயில் வெந்த சோற்றுக்கு ஒரு பருக்கை போதும். அது மாதிரி எடுத்துப் பார்ப்பது. புதிய ரயில் பாலத்துக்கு அது போதாது. பாரமான எஞ்சின்களை அதன்மேல் ஏற்றி, எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். பக்கத்துப் பாலம் தாங்கியது என்பது இதற்குச் சான்றாகாது. சோற்றுப் பழமொழியை எங்கே சொல்லலாம், பணியாரப் பழமொழியை எங்கே சொல்லலாம் என்று தெரிவதும் அறிவுதான்.

'அரைக்காசுத் தாருக்காகக் கப்பலைக் கெடுக்காதே' என்பதில் கப்பல் பின்னால் வந்தது. முதலில் ஆடுதான். ஆட்டின் புண்ணில் ஈ மொய்க்காமல் தார் பூசுவார்கள். அந்தச் சிறு செலவுக்கு அஞ்சினால் ஆடே போகும். ஆட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வட்டாரப் பேச்சில் கப்பல் போல ஒலித்ததால் பொருள் மாறிவிட்டது. ஆரணியாற்றுப் பக்கம் ஆடு மேய்ப்பவரிடம் சொல்லிப் பாருங்கள், மூல வடிவம் உடனே புரியும்.

'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது' என்பது நம் 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது'. ஒரு காலத்தில் நிலக்கரிக்கே பெயர் போன ஊர் நியூகாசில். பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கம் 2015 டிசம்பரில் மூடப்பட்டது. கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி நின்றது. பொருள் போனது, பழமொழி இருக்கிறது. நம் கொல்லன் தெருக்களுக்கும் அதே கதிதான்.

விட வேண்டியவை

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை. பிரம்பை ஒதுக்கினால் பிள்ளை கெடும் என்று ஆங்கிலத்தில் உண்டு. 'அடியாத மாடு படியாது' என்று நம்மிடம் உண்டு. பெண்களையும் சாதிகளையும் இழித்துச் சொல்லும் பழமொழிகள் எல்லா மொழித் தொகுப்புகளிலும் இருக்கின்றன. அவை நூலில் இருக்கட்டும், நம் முன்னோர் எப்படி நினைத்தார்கள் என்பதற்குச் சாட்சியாக. நாவில் இருக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அமெரிக்கர் சொல்வது: கீச்சிடும் சக்கரத்துக்கே மசகு. தெலுங்கில், 'அடகந்தே அம்மைனா பெட்டது', கேளாவிட்டால் அம்மாகூடப் போடமாட்டாள். தமிழில், அழுத பிள்ளைக்குத்தான் பால். மூன்றும் உலக நடப்பைச் சொல்கின்றன; அதுவே நியாயம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வண்டி நிலையத்துக்குள் வந்ததும் பரிசோதகர் ஒவ்வொரு அச்சுப் பெட்டியாகத் தொட்டுச் சூடு பார்ப்பார். சத்தம் போடாத பெட்டியையும் தொடுவார். கீச்சிடும் வரை காத்திருந்தால் அச்சே முறியலாம். ரோலர் பேரிங் வந்த பிறகும் சூடு பார்ப்பது நிற்கவில்லை. வீட்டிலும் எதையும் கேட்காத ஒருவர் இருப்பார். பெரும்பாலும் வயதில் மூத்தவராக இருப்பார்.

நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பழமொழிகள் தாமாகவே வந்துவிடும், பள்ளி பார்த்துக்கொள்ளும். நம்முடையவற்றுக்கு அந்த வசதி இல்லை. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கேட்காத அந்தப் பெரியவர் அருகே பிள்ளைகளை உட்காரவையுங்கள். பழமொழியை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் போதாது. அதை யார், எந்த வேளையில், யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்றும் கேட்டு எழுதட்டும். முறம் எப்படி இருக்கும், தூற்றும்போது காற்று எந்தப் பக்கமிருந்து வரவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதட்டும். அதைச் சொல்லித்தரத் தெரிந்தவர்கள் நாளுக்கு நாள் குறைந்துவருகிறார்கள்.