இலக்குச் சுடுதலுக்கான கருமருந்துச் சுழல்துப்பாக்கி

இலக்குச் சுடுதலுக்கான கருமருந்துச் சுழல்துப்பாக்கி என்பது 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழங்கிய சுழல்துப்பாக்கிகளின் வடிவில் இக்காலத்தில் செய்யப்பட்டு, இலக்குப் போட்டிகளில் பயன்படுத்தப்படும் நகல் ஆகும். இதற்குத் தோட்டா கிடையாது. சுழலும் உருளையின் ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தையும் ஈயக் குண்டையும் இட்டு, குழலின் அடியிலுள்ள நெம்புகோலால் அழுத்துவர். அறையின் பின்புறம் 'நிப்பிள்' எனும் துளையுள்ள சிறு முனை உண்டு. அதில் பொருத்தப்படும் கேப்பின் மீது சுத்தியல் அடிக்கும்போது எழும் தீ கருமருந்தைப் பற்றவைக்கிறது.

பின்னணி

அசல் துப்பாக்கிகள் அரியவை, விலை மிக்கவை. 1950களின் இறுதியில் இத்தாலியின் பிரெசியா பகுதியில் அவற்றின் நகல்கள் செய்யப்படத் தொடங்கின. உபெர்டி, பியெட்டா, பெடர்சோலி ஆகியவை அப்பகுதியின் அறியப்பட்ட நிறுவனங்கள். 1971இல் தோன்றிய எம்.எல்.ஏ.ஐ.சி. எனும் பன்னாட்டுக் குழு உலகப் போட்டிகளை நடத்துகிறது. பிரித்தானியாவில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தபோது, முன்பக்கம் நிரப்பும் துப்பாக்கிகளுக்கு விலக்களித்தது. உரிமச் சான்று பெற்று அவற்றை வைத்திருக்கலாம் என்பதால் அங்கு இவ்விளையாட்டு தனி முக்கியத்துவம் பெற்றது.

போட்டி விதிகள்

இவ்வகைச் சுழல்துப்பாக்கிக்கான போட்டிப் பிரிவு 'மரியெட்' எனப்படுகிறது. நின்றபடி, ஒரு கையால், 25 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கைச் சுட வேண்டும். 30 நிமிடங்களில் 13 குண்டுகள் சுடலாம். அவற்றுள் சிறந்த 10 மட்டும் கணக்கில் கொள்ளப்படும். உச்ச மதிப்பெண் 100.

நகல் எனில் அதற்கு ஓர் அசல் இருந்திருக்க வேண்டும், அதன் தோற்றத்தையும் அமைப்பையும் நகல் பின்பற்ற வேண்டும் என்பது அடிப்படை விதி. எனவே துல்லியத்தை உயர்த்தும் எல்லா மாற்றங்களும் போட்டிக்கு உதவுவதில்லை. திருகு வைத்துச் சரிசெய்யும் நவீனப் பின்குறியைப் பொருத்தினால் குறி சீராகலாம். ஆனால் அந்தத் துப்பாக்கி நகல் பிரிவில் ஏற்கப்படாது. 1972இல் வெளிவந்த 'ரூகர் ஓல்ட் ஆர்மி' உறுதியும் துல்லியமும் மிக்கதாயினும், 19 ஆம் நூற்றாண்டு அசல் எதற்கும் நகல் அல்லாததால் அப்பிரிவில் இடம்பெறுவதில்லை.

தேர்வு

கோல்ட் 1851, 1860 வகைகளில் உருளைக்கு மேல் சட்டம் இல்லை. குழல் ஓர் ஆப்பினால் பிணைக்கப்பட்டுள்ளது. ஆப்பின் இறுக்கம் மாறினால் குண்டு படும் இடமும் மாறக்கூடும். பின்குறி சுத்தியலின் மூக்கில் வெட்டிய சிறு பிளவு மட்டுமே. சுத்தியல் நகரும் உறுப்பு என்பதால் இது மற்றொரு குறை.

ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மி வகையில் உருளையைச் சுற்றி மூடிய சட்டம் உண்டு. பின்குறி அச்சட்டத்திலேயே வெட்டப்பட்ட பள்ளம் என்பதால் அசைவதில்லை. 'ரெமிங்டன் 1858' என்ற வழக்குப் பெயரில் உள்ளது காப்புரிமை ஆண்டே ஆகும்.

ராஜர்ஸ் அண்ட் ஸ்பென்சரும் மூடிய சட்டம் கொண்டது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865இல், அரசுக்கு வழங்கப்பட்டதால் அது போரில் பயன்படவில்லை. எனினும் கைப்பிடியின் அமைப்பால் இன்று இலக்குச் சுடுவோரிடையே பெயர் பெற்றுள்ளது.

பித்தளைச் சட்டம் கொண்ட மலிவான நகல்களும் உண்டு. தொடர்ந்து சுடும்போது பித்தளை நெகிழ்ந்து உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளி கூடுவதால் எஃகுச் சட்டமே ஏற்றது.

அறையும் குழலும்

துல்லியத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அறையின் விட்டத்துக்கும் குழலின் விட்டத்துக்கும் உள்ள தொடர்பு. அறையைவிடச் சற்றுப் பெரிய குண்டு அழுத்தப்படும்போது ஒரு மெல்லிய ஈய வளையம் சீவப்பட்டு, குண்டு அறையின் அளவைப் பெறுகிறது. குழலினுள் உள்ள சுருள் பள்ளங்கள் குண்டைப் பற்றிச் சுழற்றினால்தான் அது நேராகச் செல்லும்.

பல நகல்களில் அறை குழலைவிடக் குறுகலாக இருக்கும். எடுத்துக்காட்டாக, பள்ளங்களுக்கிடையே குழலின் விட்டம் 11.48 மி.மீ., அறையின் விட்டம் 11.35 மி.மீ. எனில், குண்டு பள்ளங்களை நிரப்பாது. வாயு பக்கவாட்டில் கசியும், சுழற்சி சீர்குலையும். எனவே முதலில் மென்மையான ஈயக் குண்டொன்றைக் குழலுக்குள் தட்டிச் செலுத்தி, அதில் பதிந்த அளவை நுண்ணளவியால் பார்ப்பர். பின்னர் ஆறு அறைகளையும் பள்ள விட்டத்துக்குச் சமமாகவோ நூலளவு கூடுதலாகவோ துளை சீர்செய்வர்.

இம்மாற்றத்தை மீட்க முடியாது. அகற்றிய உலோகத்தின் அளவுக்கு அறைச்சுவர் மெலிகிறது. ஆகவே இது தகுதி பெற்ற துப்பாக்கிக் கம்மியர் செய்ய வேண்டிய பணி. அளவுப் பொருத்தம் உள்ள துப்பாக்கியை வாங்கும்போதே தேர்ந்தெடுத்தால் இப்பணி தேவைப்படாது.

முன்குறி

பல நகல்கள் 25 மீட்டரில் குறிக்கு மேலே சுடுகின்றன. முன்குறியை உயர்த்தினால் குண்டு தாழ்ந்து படும். உயர்த்த வேண்டிய அளவைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

உயர்வு = (குறிகளுக்கு இடையிலான தொலைவு × பிழை) ÷ இலக்கின் தொலைவு

குறிகளின் இடைத்தொலைவு 200 மி.மீ., பிழை 200 மி.மீ., இலக்கு 25,000 மி.மீ. எனில், 1.6 மி.மீ. உயர்த்த வேண்டும். வேண்டியதைவிடச் சற்று உயரமான முன்குறியைப் பொருத்தி, சுட்டுப் பார்த்து அரத்தால் சிறிது சிறிதாகக் குறைப்பதே வழக்கம்.

மருந்தளவு

இலக்குச் சுடுதலில் .44 வகைக்கு 15 முதல் 20 கிரெயின், அதாவது ஏறத்தாழ 1 முதல் 1.3 கிராம் கருமருந்தே பொதுவாக இடப்படுகிறது. இது அறையை நிரப்பாது. குண்டு ஆழத்தில் அமர்ந்தால் குழலை எட்டும் முன் வெற்றிடத்தில் தாவ நேரும். ஆகவே மருந்தின் மேல் ரவையை இட்டு, குண்டை அறையின் வாயருகே அமர்த்துவர்.

பாதுகாப்பு

இத்துப்பாக்கிகளில் கருமருந்தோ அதற்கெனச் செய்யப்பட்ட மாற்றுமருந்தோ மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும். நவீனப் புகையில்லா மருந்து தரும் அழுத்தத்தில் உருளை வெடித்துச் சிதறலாம்.

ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குத் தாவி, பல அறைகள் ஒருசேர வெடிப்பதும் உண்டு. இறுக்கமான குண்டு, நிப்பிளுக்குப் பொருந்தும் கேப், குண்டின் மேல் பூசும் கொழுப்பு அல்லது அடியில் வைக்கும் கம்பளி வட்டு ஆகியவை இதைத் தடுக்க உதவுகின்றன. கருமருந்தின் எச்சம் ஈரத்தை ஈர்த்து எஃகைத் துருப்பிடிக்கச் செய்வதால், சுட்ட அன்றே வெந்நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இடுவது அவசியம்.