வழங்கி எழும்பாதபோது

சர்வரைத் தமிழில் ‘வழங்கி’ என்கிறோம். மலாய் மொழியில் அது ‘பெலாயான்’. உணவகத்தில் பரிமாறுபவரையும் மலாயில் அப்படித்தான் அழைப்பார்கள். 1964-இல் வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் நாகேஷ் செய்த வேலையும் அதுதானே! தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசிய இடைநிலைப்பள்ளி வழியாக வந்த எனக்கு இந்தப் பெயர்ப் பொருத்தம் மிகவும் பிடிக்கும்.

எங்கள் கழக அறையிலும் ஒரு பழைய வழங்கி உண்டு. கழகத்தின் பழைய ஆண்டிதழ்களை வருடி அதில் சேமித்து வைத்திருக்கிறோம். சில இதழ்களுக்கு அச்சுப்படி எங்களிடம் இல்லை. சென்ற விடுமுறையில் ஒரு மாலை, கிள்ளான் பள்ளத்தாக்கின் வழக்கமான இடிமழைக்குப் பிறகு, அது எழும்பவில்லை. விசிறிகள் இரண்டு விநாடி சுழன்று நின்றன. மறுபடியும் சுழன்று நின்றன. திரை இருட்டு. “நாலு வன்தட்டையும் கழற்றி வேற கணினியில போட்டுப் பாப்போம்” என்றார் நண்பர் ஒருவர்.

நான் சம்மதிக்கவில்லை. காரணம் எளிது. திரையில் எதுவுமே தோன்றாத நிலையில், கணினி வன்தட்டைத் தேடும் கட்டத்திற்கே இன்னும் வரவில்லை. முதலில் மின்சாரம், அடுத்து செயலியும் நினைவகமும், அதன் பின்னரே வன்தட்டு, கடைசியில் இயங்குதளம். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆகவே வன்தட்டுகளில் 1 முதல் 4 வரை எண் எழுதி, இணைப்பை மட்டும் கழற்றி வைத்தோம்.

மின்சாரத்தைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். 12 வோல்ட் கம்பியில் 11.4-க்கும் 12.6-க்கும் இடைப்பட்ட அளவு இருக்க வேண்டும். சுமை ஏறியதும் தடுமாறும் பவர் சப்ளையும் உண்டு என்பதால், நல்லதொன்றை மாற்றிப் பார்ப்பதே உறுதியான சோதனை. அதன் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே மின்னூட்டம் தேங்கியிருக்கும்.

மின்சாரத்தில் குறையில்லை. அடுத்து, தாய்ப்பலகையில் ஒரு செயலி, ஒரே ஒரு நினைவகத் துண்டு ஆகியவற்றை மட்டும் விட்டு, மற்ற எல்லாவற்றையும் கழற்றினோம். ஒரு குறும் ‘பீப்’ ஒலி கேட்டது. 1981-இல் வந்த ஐபிஎம் கணினியிலேயே ‘எல்லாம் நலம்’ என்பதற்கு இதுதான் அடையாளம். பிறகு ஒவ்வொரு முறையும் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். மூன்றாவது நினைவகத் துண்டில் பழைய கோளாறு திரும்பியது. குற்றவாளி துண்டா, அது செருகப்பட்ட இடமா? நன்றாக வேலை செய்த இடத்தில் அதே துண்டைச் செருகினோம். கோளாறும் கூடவே வந்தது. துண்டுதான்!

(அதிக நினைவகம் கொண்ட புதிய வழங்கிகள் முதல் தடவை எழும்பும்போது சில நிமிடங்கள் திரை இருட்டாகவே இருக்கலாம். அவசரப்பட்டு அணைத்துவிட வேண்டாம்.)

உண்மையான ஆபத்து இதற்குப் பிறகுதான் வந்தது. வன்தட்டுகளை மீண்டும் இணைத்ததும், இயங்குதளமே கிடைக்கவில்லை என்றது திரை. எல்லார் முகமும் வெளுத்துவிட்டது. எங்களுக்கு முன் யாரோ உதவி செய்வதாக எண்ணி, தாய்ப்பலகையிலிருந்த வட்ட மின்கலத்தைக் கழற்றி மாட்டியிருக்கிறார். அதனால் அமைப்புகள் யாவும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிட்டன. நான்கு வன்தட்டுகளையும் ஒன்றாகப் பார்க்கும் ‘ரெய்டு’ முறை, தனித்தனியாகப் பார்க்கும் முறைக்கு மாறியிருந்தது. பழைய தொகுப்பைக் காணோமே என்று அந்த நேரத்தில் ‘புதிய தொகுப்பு உருவாக்கு’ என்பதை அழுத்தியிருந்தால், எது எங்கே இருக்கிறது என்ற பழைய குறிப்பு அழிந்திருக்கும், இதழ்களும் போயிருக்கும். ‘ரெய்டு’ முறைக்கு மாற்றிச் சேமித்தோம். நான்கும் ஒன்றாகத் தோன்றின. எனவே மின்கலத்தைத் தொடுவதற்கு முன், அமைப்புப் பக்கங்கள் திறக்கும் நிலையில் இருந்தால், அனைத்தையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

எழும்பியவுடன் செய்த முதல் வேலை, எல்லா இதழ்களையும் ஒரு வெளிவட்டில் நகலெடுத்தது. புதிய நினைவகம் அதற்கு அடுத்துத்தான். அதை வாங்கும்போது பழைய துண்டைக் கையோடு கொண்டு போங்கள். டிடிஆர்4 வகையில் வழங்கிக்குரிய துண்டும் வீட்டுக் கணினிக்குரிய துண்டும் ஒரே இடத்தில் பொருந்தும். ஆனால், இரண்டையும் கலந்து போட்டால் கணினி எழும்பாது.