என்ஜினுக்கு முன்னால் பிரேக்

1962 முதல் 1980 வரை பிரிட்டனில் தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர், பழைய கார் பிரியர்கள் அதிகம் கைவைக்கும் வண்டி. அதன் 1798 சிசி, நான்கு சிலிண்டர் என்ஜின் ஆரம்பத்தில் தந்தது சுமார் 95 குதிரைத்திறன். அதைக் கழற்றிவிட்டு ரோவரின் 3.5 லிட்டர் வி8 என்ஜினைப் பொருத்துவது அங்கே நெடுநாள் வழக்கம். அலுமினியத்தில் வார்த்த என்ஜின் என்பதால், எட்டு சிலிண்டர் இருந்தும் பழைய வார்ப்பிரும்பு என்ஜினைவிடப் பாரம் கூடுவதில்லை. எடை கூடவில்லை, வேறெதையும் மாற்றத் தேவையில்லை என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் காசு முதலில் போக வேண்டியது பிரேக்குக்கும், சக்தியைச் சக்கரம் வரை கொண்டுசேர்க்கும் பாகங்களுக்கும்தான். என்ஜின் அதற்குப் பிறகு.

இதற்குத் தொழிற்சாலையே சாட்சி. 1973-ல் எம்ஜி இதே என்ஜினை 137 குதிரைத்திறனில், கூரை வைத்த எம்ஜிபி ஜிடி வடிவத்தில் விற்றது. முறுக்குவிசை பழையதைவிட முக்கால் பங்கு கூடியிருந்தது. எனவே முன் டிஸ்க்குகளைத் தடிமனாக்கி, கிளட்சையும் கியர்பாக்ஸையும் வலுவாக்கி, பின் ஆக்சிலின் பல் விகிதத்தை 3.9-லிருந்து 3.07-க்குக் குறைத்தார்கள். விகிதம் குறைந்தால் என்ஜின் நிதானமாகச் சுழலும். அச்சுத்தண்டுகள் தாங்க வேண்டிய முறுக்கும் குறையும். கம்பிச் சக்கரத்தையும் அந்த மாடலுக்குத் தரவில்லை. அந்தச் சக்கரம் உட்காருவது ஹப்பில் வெட்டிய சிறு பற்களின் மேல். பல் தேய்ந்திருந்தால் கிளட்சை விடும்போதே பின்னால் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். முறுக்கு கூடக்கூடத் தேய்மானமும் வேகமெடுக்கும்.

‘பழைய பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிவிடுகிறதே, பெரிய டிஸ்க் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒரே ஒரு முறை பிரேக் அடித்தால் வண்டி நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்பு. ஆனால் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இயக்க ஆற்றல் ஏறுகிறது: மணிக்கு 100 கிலோமீட்டரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றல் 140-ல் இருக்கிறது. அத்தனையும் டிஸ்க்கில் வெப்பமாகிறது. மலைச்சாலை இறக்கத்தில் அடுத்தடுத்து மிதிக்கும்போது பட்டைகள் பிடிப்பை இழக்கும்; திரவம் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் தரைவரை இறங்கிவிடும். பெரிய டிஸ்க் வாங்கித் தருவது இந்த வெப்பத்தைத் தாங்கும் திறனை. அதற்காகப் பின்னாலும் பெரிதாக்கத் தேவையில்லை. பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். 190 குதிரைத்திறன் கொண்டு 1993-ல் வெளிவந்த எம்ஜி ஆர்வி8-கூட முன்னால் காற்றோட்ட டிஸ்க்கும் பின்னால் டிரம்முமாகத்தான் வந்தது.

‘நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன்’ என்ற சமாதானமும் எடுபடாது. எதிரே வருபவரின் வேகம் நம் கையில் இல்லை. பழமை கெடுமே என்ற கவலை மதிக்கத்தக்கது. ஆனால் வி8 ஏறிய அன்றே அந்த வண்டியின் அசல் தன்மை போய்விட்டது. கழற்றிய பாகங்களை எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்தினால், விரும்பும்போது திருப்பி மாட்டிக்கொள்ளலாம். ஆரம்பகால வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சுற்றுதான். ஓரிடத்தில் குழாய் கசிந்தால் நான்கும் போகும். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், புதிய குழாய்கள், முன் டிஸ்க், ஆக்சில், கிளட்ச்: இந்த ஐந்துக்கும் பணம் ஒதுக்க முடியாதவர் என்ஜினை மாற்றாமல் இருப்பதே நல்லது.