வண்டி எண்ணைக் குறித்து வை

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஹோம் டிப்போ மாதிரியான கட்டுமானப் பொருள் கடைகளின் வாசலில் விடிந்ததுமே ஆட்கள் கூடிவிடுவார்கள். மெக்ஸிகோ, குவாத்தமாலா, எல் சால்வடாரிலிருந்து வந்தவர்களே அதிகம். ஸ்பானிய மொழியில் இவர்களுக்கு 'ஹோர்னலேரோ' என்று பெயர், நாள் கூலிக்காரர். பிக்கப் வண்டி வந்து நிற்கும், நின்றபடியே பேரம் முடியும், ஏறிப் போவார்கள். கூட்டிப் போகிறவரின் முழுப்பெயர் தெரியாது. சாயங்காலம், "நாளைக்குச் சேர்த்துத் தரேன்" என்பார். மறுநாள் அந்த வண்டி வராது.

2006இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வில், அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் ஒருமுறையாவது கூலி கிடைக்காமல் போனதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர்.

கூலி கொடுக்க வேண்டியவர் யாரென்றே தெரியாததால்தான் இந்த ஏமாற்று நடக்கிறது. பாசடீனாவின் வேலை மையம், சியாட்டிலின் காசா லத்தீனா போன்ற நாள் கூலித் தொழிலாளர் மையங்கள் கைவைப்பதும் அங்கேதான். ஆள் தேடி வருபவர் பெயர், முகவரி, வேலை, கூலி எல்லாவற்றையும் மையத்தில் பதிய வேண்டும். குறைந்தபட்சக் கூலி இவ்வளவு என்று பல மையங்களில் தொழிலாளர்களே கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். ஆங்கில வகுப்பும் உண்டு. எனக்கென்னவோ அந்தப் பதிவேடுதான் பெரிதாகப் படுகிறது.

விசா இல்லாதவருக்கும், செய்த வேலைக்குக் கூலி பெறும் உரிமை அமெரிக்கச் சட்டத்தில் உண்டு. கலிஃபோர்னியாவில் தொழிலாளர் ஆணையரிடம் காசில்லாமல் புகார் கொடுக்கலாம். விசா நிலையைக் கேட்கமாட்டார்கள். உரிமையைக் கேட்டதற்காக, "குடிவரவுத் துறைக்குச் சொல்லிடுவேன்" என்று மிரட்டினால் அதுவே தனிக் குற்றச்சாட்டு. வாய்மொழி ஒப்பந்தத்துக்கு இரண்டு ஆண்டும், குறைந்தபட்ச ஊதியப் பாக்கிக்கு மூன்று ஆண்டும் கெடு. வண்டி எண், வேலை நடந்த வீட்டு முகவரி, நேரம், கைபேசிச் செய்தி: இவையே சாட்சி.

2025 ஜூன் முதல் இந்த வாசல்களிலேயே குடிவரவுச் சோதனைகள் நடக்கின்றன. வாய் திறக்காமல் இருக்கலாம், வக்கீலைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மையங்கள் சொல்லிக் கொடுக்கின்றன. மையத்தின் உள்ளறைக்குள் அனுமதியில்லாமல் நுழைய அதிகாரிகளுக்கு நீதிபதி கையெழுத்திட்ட ஆணை வேண்டும். கடையின் வாகன நிறுத்துமிடமோ ஊரே புழங்கும் இடம். அங்கே அந்தத் தடுப்பு இல்லை. அதனால் தன்னார்வலர்கள் கைபேசியோடு அங்கே போய்க் காவல் நிற்கிறார்கள்.