மூசி நதியின் வெள்ளமும் நலிந்தோர் பாதுகாப்பும்

ஹைதராபாத் நகரில் உஸ்மானியா பொது மருத்துவமனையின் வளாகத்தில் ஒரு பழைய புளியமரம் நிற்கிறது. 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி மூசி நதி பெருக்கெடுத்தபோது, அம்மரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் தப்பினர் என்பது நகர மக்கள் அறிந்த வரலாறு. அன்று அப்பகுதியில் இருந்த அப்ஸல்கஞ்ச் மருத்துவமனையை வெள்ளம் அழித்துவிட்டது. மரமேறக் கூடியவர் பிழைத்தனர். படுக்கையில் கிடந்த நோயாளி என்ன செய்வார்?

அவ்வெள்ளத்தில் இறந்தோர் தொகை சுமார் 15,000 எனப் பரவலாக மதிப்பிடப்படுகிறது. ஆற்றின் மீதிருந்த பாலங்களுள் அப்ஸல், முஸல்லம் ஜங், சாதர்காட் ஆகிய மூன்றும் அடித்துச் செல்லப்பட்டன. 1578-இல் கட்டப்பட்ட புரானாபுல் மட்டும் சேதமுற்ற நிலையிலும் நிலைத்து நின்றது. நிஜாம் மஹபூப் அலி கான் தம் அரண்மனைகளை வீடிழந்தோருக்குத் திறந்துவிட்டார்.

இத்துணை நீர் எங்கிருந்து வந்தது? அரசுப் பணியினின்று ஓய்வு பெற்று வெளிநாடுகளில் பயணம் செய்துகொண்டிருந்த விசுவேசுவரய்யாவை நிஜாமின் அரசாங்கம் அழைத்தது. அவர் 1909 ஏப்ரலில் வந்து இக்கேள்வியை ஆராய்ந்தார். ஷம்ஷாபாதில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலமும், 48 மணி நேரத்தில் 18.9 அங்குலமும் மழை பெய்திருந்தது. நதியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 ஏரிகள், அதாவது ஏறக்குறைய சதுர மைலுக்கு ஓர் ஏரி வீதம் இருந்தன. அவற்றுள் 221 உடைந்தன. மேலேயுள்ள ஏரி உடைந்தால் அதன் நீர் கீழேயுள்ள ஏரியின் கரையை உடைக்கும். அந்நீரும் சேர்ந்து அடுத்த ஏரியைத் தாக்கும். இவ்வாறு நகரை அடைந்த வெள்ளம் விநாடிக்கு 4,25,000 கன அடி எனக் கணக்கிடப்பட்டது.

நகரத்துக்கு மேலே இரு பெரும் நீர்த்தேக்கங்கள் அமைத்து வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தி, பின்னர் சிறிது சிறிதாக வெளியேற்ற வேண்டும் என்பது அவர் கூறிய பரிகாரம். அதன்படி மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920-இலும், ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927-இலும் முற்றுப்பெற்றன. இவற்றின் முழுக் கொள்மட்டம் முறையே 1,790 அடியும் 1,763.5 அடியுமாகும்.

இங்கே ஒரு முரண்பாட்டை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இத்தேக்கங்கள் நகருக்குக் குடிநீர் வழங்கவும் ஏற்பட்டவை. குடிநீருக்காயின் தேக்கம் நிறைந்திருப்பது நன்று; வெள்ளத் தடுப்புக்காயின் அதில் காலியிடம் இருப்பதே நன்று. பருவமழையின் இறுதிக் காலத்தில், தேக்கம் ஏறத்தாழ நிறைந்திருக்கும் வேளையில் பெருமழை வருமாயின், மதகுகளைத் திறப்பதன்றி வேறு வழியில்லை. அப்போது அணையால் காக்கப்பட வேண்டியவர்களையே அணையின் நீர் அடைகிறது. 2020 அக்டோபர் 13, 14 தேதிகளின் பெருமழையில் ஹிமாயத் சாகரின் மதகுகள் திறக்கப்பட்டன. சில நாட்களுக்குப் பின் பழைய நகரின் குர்ரம் செருவு என்னும் ஏரி உடைந்தது. 1908-இன் பாடம் சிறிய அளவில் மறுபடியும் நடந்தேறியது எனலாம். 2025 செப்டம்பர் இறுதியில், இரு தேக்கங்களிலிருந்தும் திறந்துவிடப்பட்ட நீர் நதியின் நடுவேயுள்ள மகாத்மா காந்தி பேருந்து நிலையத்தினுள் புகுந்தது. சாதர்காட், மூசா நகர், சங்கர் நகர் முதலிய தாழ்ந்த பகுதிகளின் குடும்பங்கள் இத்தகைய காலங்களில் வெளியேற்றப்படுவது வழக்கமாகிவிட்டது.

மதகு திறப்பதற்கும் நீர் குடியிருப்பை எட்டுவதற்கும் இடையே சிறிது அவகாசம் உண்டு. அவ்வவகாசம் எல்லோருக்கும் ஒரே அளவினதன்று. இளைஞன் கால்மணியில் மூட்டையுடன் மேட்டுக்குச் சென்றுவிடுவான். சக்கர நாற்காலியில் இருப்பவர்க்கு ஆள் வேண்டும், வண்டி வேண்டும், படிகளற்ற முகாம் வேண்டும். செவிப்புலனற்றவர்க்கு ஒலிபெருக்கி பயன்படாது. பார்வையற்றவர்க்குச் சிவப்புக் கொடி பயன்படாது.

ஆங்கிலச் சட்டங்களில் இவர்களைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் ‘நலிந்தோர்’ என்றே நாம் பெயர்த்து வருகிறோம். இப்பெயர்ப்பு எனக்கு முழு நிறைவு அளிப்பதில்லை. ஆற்றங்கரையில் குடிசை கட்டி வாழும் திடகாத்திரமான கூலித் தொழிலாளி நலிந்தவரல்லர்; அவரது இடமே அவரை ஆபத்துக்கு உட்படுத்துகிறது. உடலால் வரும் ஆபத்து வேறு, இடத்தால் வரும் ஆபத்து வேறு. இரண்டும் ஒரே வீட்டில் சேரும்போது முன்னேற்பாடு அவ்வீட்டிலிருந்தே தொடங்கவேண்டும்.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டந்தோறும் திட்டம் வகுக்கக் கட்டளையிட்டது. 2010-இல் தேசிய ஆணையம் நகர வெள்ளங்களுக்கெனத் தனி நெறிமுறைகள் வெளியிட்டு, நகரங்களில் நான்கு சதுர கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் தானியங்கி மழைமானிகள் அமைக்கும்படி கூறியது. ஒரு பேட்டையில் வெள்ளக்காடும் அடுத்த பேட்டையில் தூறலுமாக இருக்கும் இந்நகரில் இதன் பயன் கூறாமலே விளங்கும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு மேலும் ஒரு படி சென்றது: மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை மாவட்டப் பேரிடர் ஆணையம் வைத்திருக்க வேண்டும்; ஆபத்து நேரும்போது அவர்களுக்குத் தெரிவிக்கத் தக்க ஏற்பாடும் செய்ய வேண்டும். ‘வேண்டும்’ என்பதே சட்ட வாசகம். 2025-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமோ, மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி நகரங்களுக்கும் தனி ஆணையம் ‘அமைக்கலாம்’ என்கிறது. மொழிபெயர்ப்போர் இவ்விரு சொற்களையும் மயங்கவிடலாகாது.

நடைமுறையில் இடர்ப்பாடு பதிவேட்டிலேயே தொடங்குகிறது. ஆற்றங்கரைப் பேட்டைகளில் வாடகைக்குக் குடியிருப்போர் அடிக்கடி இடம் மாறுகின்றனர். சென்ற ஆண்டு எழுதிய முகவரியில் இவ்வாண்டு வேறொருவர் இருப்பார். மேலும், மதகைத் திறப்பது குடிநீர் வாரியம்; மக்களை வெளியேற்றுவது மாநகராட்சியும் வருவாய்த் துறையும்; பதிவேடு இருப்பது மாவட்ட ஆணையத்திடம். மதகு எத்தனை அடி உயர்த்தப்படுகிறது என்னும் செய்தி வரும் அதே மேசையில், எந்தச் சந்தில் எந்த வீட்டில் நடக்கவியலாத மூதாட்டி இருக்கிறார் என்னும் தாளும் மழைக்காலத்துக்கு முன்னரே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.