பெண் வயதுக்கு வரவில்லையே, ஏன்?

சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தில் ஒரு பெண் வயதுக்கு வந்துவிட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும். தாய்மாமன் சீர்வரிசையோடு வருவார். மஞ்சள் நீராட்டு நடக்கும். சாலை ஓரத்தில் பேனர்கூட வைக்கிறார்கள்!

ஆனால், 15 வயது முடிந்தும் வயதுக்கு வராத பெண்ணின் வீட்டில்?

கதவைச் சாத்திக்கொண்டு கவலைப்படுகிறார்கள். தாய், பாடலாத்ரி நரசிம்மர் சந்நிதியில் வேண்டிக்கொள்கிறாள். "எல்லாம் உன் வயிற்றின் கோளாறு" என்று மாமியார் குத்திக் காட்டுகிறாள். "கலியாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று சொல்லி, விஷயத்தை மறைத்து மாப்பிள்ளை தேடுவோரும் உண்டு.

கலியாணத்தால் இது சரியாகாது.

காரணம் பல. சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, பிறப்பு வழி அடைத்திருப்பது ஆகியவற்றாலும் தடைபடலாம். இன்னொரு காரணம், கண்ணுக்குத் தெரியாத குரோமோசோம்.

46-ல் ஒன்று குறைந்தால்...

நம் உடலின் ஒவ்வொரு அணுவிலும் நூலிழை போல 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. பெண்ணுக்கு அவற்றில் இரண்டு, 'எக்ஸ்' எனப்படுபவை. தாய் கொடுத்தது ஒன்று, தகப்பன் கொடுத்தது ஒன்று.

சில பெண்களுக்கு ஒரு 'எக்ஸ்' இருப்பதில்லை. மொத்தம் 45தான். சுமார் 2,500 பெண் குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. கருப்பை இருக்கும். ஆனால் முட்டைப் பைகள் சிறு வயதிலேயே சுருங்கிவிடும். அதனால் மாதவிலக்கு வருவதில்லை. பெண் குள்ளமாக இருப்பாள். சிலருக்குக் கழுத்தின் இருபுறமும் தோல் அகன்றிருக்கும். அறிவுக்குக் குறைவில்லை.

1938-ல் இதை விவரித்தவர் டர்னர் என்ற அமெரிக்க டாக்டர். 'டர்னர் நோய்' என்று பெயர் வந்தது அதனால்தான். காரணம் மட்டும் அவருக்குத் தெரியவில்லை. 1959-ல் லண்டனில் 14 வயதுப் பெண் ஒருத்தியின் அணுக்களிலுள்ள குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தார்கள். 45 இருந்தன!

குற்றம் தாயுடையதா? இல்லை. பெரும்பாலும் விட்டுப்போவது தகப்பன் வழி 'எக்ஸ்'தான்! அதற்காகத் தகப்பனையும் திட்ட வேண்டாம். கரு உருவாகும்போது தானாக நேரும் தவறு அது.

வேறு சிலர் பார்வைக்கு முழுப் பெண். குரோமோசோம் மட்டும் ஆணுக்குரியது. அவர்களுக்குக் கருப்பையே இராது. அவர்களும் பெண்ணாகவே வளர்ந்து வாழ்கிறார்கள்.

எப்போது போவது?

13 வயதாகியும் மார்பு வளரவில்லையா? 15 ஆகியும் மாதவிலக்கு வரவில்லையா? உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். சிங்கப்பெருமாள் கோவிலில் மின்சார ரயில் ஏறினால், பரனூருக்கு அடுத்தது செங்கல்பட்டு. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கொஞ்சம் இரத்தம் எடுத்து, அதிலுள்ள அணுக்களை வளர்த்து, குரோமோசோம்களை எண்ணினால் உண்மை தெரிந்துவிடும்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் உயரம் வளர ஊசி போடலாம். எலும்பு முற்றிய பிறகு அது பயன்படாது. 11, 12 வயதிலிருந்து ஹார்மோன் மருந்து கொடுத்தால் மார்பு வளரும். பின்னர் மாதவிலக்கும் வரும். மருந்தே இல்லாவிட்டால் இளம் வயதிலேயே எலும்பு தேயும். இருதயத்தையும் சிறுநீரகத்தையும் சோதிப்பது அவசியம்.

குழந்தை? தானாகக் கருத்தரிப்பது மிக அபூர்வம். வேறொரு பெண் தரும் முட்டையைக் கொண்டு, தன் வயிற்றிலேயே சுமந்து பெற்றவர்கள் உண்டு. ஆனால் பிள்ளைப்பேற்றின்போது இருதயத்தின் பெரிய இரத்தக்குழாய் கிழிந்துவிடும் ஆபத்து இவர்களுக்கு இருக்கிறது. ஆகவே முதலில் இருதயத்தைச் சோதிக்கிறார்கள். அது தாங்காது என்று தெரிந்தால், கருத்தரிக்கவே வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிடுகிறார்கள்.