குளியலறையும் கைப்பிடியும்

வீடு புதுக்குவோர் கூடத்திற்கும் முகப்பிற்கும் செலவிடும் சிந்தனையில் நாலில் ஒரு பங்கையேனும் குளியலறைக்குச் செலவிடுவதில்லை. எஞ்சிய பணத்தையும் எஞ்சிய கற்களையும் கொண்டே அதனை முடித்துவிடுவர். யாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே. மயிலாப்பூரை அடுத்த சாந்தோமில், கடலோசை கேட்கும் தெருவொன்றில் வாழும் எம் பாட்டியார் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட பின்னரே அவ்வறையைத் திருத்தியமைக்க எண்ணினோம். அதன்பொருட்டு அடையாற்றிலிருந்து வந்த உள்ளமைப்புக் கலைஞராகிய அம்மையார் ஒருவர் கையாண்ட முறையை ஈண்டு ஒருவாறு விளக்குவோம்.

வண்ணம் யாது, கல் யாது என்று அவர் வினவினாரல்லர். நீர் எங்கிருந்து வருகின்றது, குளிப்பவர் யாவர், ஈரக் கையுடன் அவர் எதனைத் தொடுவர் என்பனவே அவர்தம் முதல் வினாக்கள். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீரளிக்கும் ஏரிகள் ஏறத்தாழ வற்றிப்போனமையை மறவாது, டிரம் ஒன்றும் இரண்டு வாளிகளும் வைக்க ஒரு மூலையை முதலில் ஒதுக்கினார். நீர் ஒழுகாத பூச்சிட்ட தரையில் நீரைத் தேக்கிவைத்து, கசிவின்மை கண்ட பிறகே கல் பதிப்பித்தார். நம்மவர் வாளி நீரை ஊற்றித் தரை கழுவுவராதலின் அலமாரியைத் தரையில் ஊன்றாது சுவரில் பொருத்தச் செய்தார். பலகையும் நீரைத் தாங்கவல்ல உயர்தர ஒட்டுப்பலகையே.

இனி, எம்மை வியப்பில் ஆழ்த்திய செய்திக்கு வருவோம். பழைய அலமாரியின் கைப்பிடிகள் முலாம் உரிந்து புள்ளி புள்ளியாய் அரித்திருந்தன. கீல்களும் துருவேறி இறுகியிருந்தன. கடற்காற்றையும் விற்ற கடைக்காரரையும் யாம் பலகாலம் பழித்து வந்தோம். அம்மையாரோ அலமாரியின் அடித்தட்டைத் திறந்து, ஆங்கிருந்த ஆசிட் போத்தலை வெளியே எடுத்து வைத்தார். ஆழ்குழாய் நீர் கல்லின்மேல் விடும் வெள்ளைப் படிவை நீக்க வாங்கிய ஹைட்ரோகுளோரிக் அமிலம் அது. மூடி சிறிது நெகிழ்ந்திருப்பினும் அதன் ஆவி வெளிப்பட்டு, ஈரத்தோடு கலந்து, அருகிலுள்ள உலோகத்தைத் தின்னும். எவர்சில்வரும் அதற்குத் தப்புவதன்று. கடற்காற்று குற்றமற்றதென்று கூறோம். ஆனால் பெருங்கள்வனை யாமே உள்ளே வைத்துப் பூட்டியிருந்தோம்!

கைப்பிடி வாங்கத் தியாகராய நகர் சென்றபோது, காந்தம் ஒட்டாததே நல்ல எவர்சில்வர் என்று எம் சிற்றப்பா உறுதியாகக் கூறினார். அது பாதி உண்மையே. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு கூட்டிய மலிவான வகையிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டுவதில்லை. 304 என்னும் எண்ணுடைய வகையில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உள்ளன. 316 என்னும் வகையில் இவற்றோடு 2 முதல் 3 பங்கு மாலிப்டினமும் சேர்தலால், அஃது உப்பினை மிகுதியாகத் தாங்கும். கடலருகில் வாழ்வோர் வேண்டற்பாலது இதுவே. துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே முலாம் பூசியவை கடையில் கண்ணைப் பறிக்கும். முலாமில் ஒரு துளை விழுந்தால் உள்ளிருப்பது விரைவில் அரிக்கும். கனமான பித்தளையோ களிம்பேறினும் புளியிட்டுத் துலக்க மீண்டும் ஒளிரும். துலக்குவார் வீட்டில் உளரா என்பதே கேள்வி.

உலோகத்தினும் வடிவமே எமக்கு முதன்மையாயிற்று. பழைய அலமாரியில் இருந்தவை உருண்டைக் குமிழ்கள். மூக்கிற்குக் குமிழம்பூவை உவமை கூறும் புலவர் மரபைப் பயிலும் எமக்குக் குமிழ் என்ற சொல்லின்மேல் பற்று உண்டு; ஆனால் மூட்டுவாதத்தால் விரல் மடங்காத பாட்டியாருக்கு, சோப்பு நுரை படிந்த கையால் அவற்றைப் பற்றி இழுத்தல் இயலாது. அதனாலேயே எண்ணெய்க் கிண்ணமும் சோப்பும் எந்நாளும் தரையில் கிடந்தன. அவர் வழுக்கியது அவ்வெண்ணெயில்தான். ஆண்டுக்கணக்கில் அக்கிண்ணத்தைத் தாண்டி நடந்த எமக்கு அதன் காரணம் தோன்றவேயில்லை.

நான்கு விரலும் உள்ளே நுழையுமாறு வளைந்த கைப்பிடிகளை அம்மையார் தேர்ந்தார். அவற்றின் திருகாணித் துளைகளுக்கு இடைப்பட்ட தொலைவு 128 மில்லிமீட்டர். இத்தொலைவு பெரும்பாலும் 96, 128, 160 என 32இன் மடங்காக அமைவதால், பழைய கதவுக்குப் புதுக் கைப்பிடி தேடுவோர் துளைகளை அளந்துகொண்டு கடைக்குச் செல்வது நலம். விளிம்பு கூர்மையாயிருப்பின் ஈரத் தோலைக் கீறுமாதலின், பொருத்துமுன் ஒவ்வொன்றன் உட்புறத்தையும் விரலால் தடவிப் பார்த்தார்.

பாட்டியார் இப்பொழுது கட்டு நீங்கிய இடக்கையாலேயே கதவைத் திறந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கின்றார். உள்ளே திரும்ப வைத்தலைத்தான் இடையிடையே மறந்துவிடுகின்றார்.